சுரங்கத்துக்குப் புறப்படும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை, பிக்கப் ஓட்டிக் கிடைப்பது டீசலுக்கும் தவணைக்குமே போய்விடுகிறது, சுரங்கத்தில் டம்பர் ஓட்டப் போகட்டுமா என்று கேட்டிருந்தாய். உன் அம்மா, என் அக்கா, தனியாகப் போன் செய்து அழுதாள். "நீ சொன்னால் கேட்பான், வேண்டாம் என்று சொல்லிவிடு" என்றாள். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டம்பர் ஓட்டியும், பிறகு புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தும் பிழைத்தவன் நான். அந்த வேலையில்தான் வீடு கட்டினேன், பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். மானமுள்ள வேலை. போவதாக இருந்தால் போ. ஆனால் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்டு போ.

இந்தத் தொழிலில் ஓட்டத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. வண்டியை எப்போது நகர்த்தக் கூடாது என்று தெரிந்தவர்கள்தான் கை கால் முழுசாக ஓய்வுபெற்று ஊர் திரும்புகிறார்கள். நான் இத்தனை நீளமாக எழுதப்போவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

முதலில் அந்த வண்டி என்ன, அந்த இடம் எப்படி என்று தெரிந்துகொள். நம் நீலகிரி மாவட்டத்தில் ஒரு பொக்லைனை இறக்கவே கலெக்டர் அனுமதி கேட்க வேண்டும். அதனால் நீ பெரிய சுரங்கம் எதையும் கண்ணால் பார்த்திருக்க மாட்டாய். திறந்தவெளிச் சுரங்கம் என்பது படிப்படியாக வெட்டிக்கொண்டே கீழே இறங்கும் பெரும்பள்ளம். அந்தப் படிகளுக்குப் பெஞ்ச் என்று பெயர். கனிமத்துக்கு மேலே கிடக்கும் மண்ணையும் பாறையையும் ஓபி என்பார்கள். ஷவல் இயந்திரம் நான்கைந்து வாளியில் உன் வண்டியை நிரப்பும். நீ சரிவில் ஏறிப் போய், ஓபி என்றால் டம்ப் யார்டிலும் கனிமம் என்றால் கிரஷரிலும் கொட்டிவிட்டுத் திரும்புவாய். மறுபடியும் அதே ஷவல், அதே சரிவு, அதே கொட்டும் இடம். ஷிஃப்ட் முழுவதும் இதுதான் வேலை.

சிமெண்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் 35 டன், 60 டன் சுமக்கும் டம்பர்களைப் பார்ப்பாய். நிலக்கரிச் சுரங்கத்தில் 100 டன் வகை சாதாரணம். சத்தீஸ்கரின் கெவ்ரா போன்ற பெரிய சுரங்கங்களில் 240 டன் டம்பர்களும் ஓடுகின்றன. பெலாரஸ் நாட்டில் செய்யும் பெலாஸ் 75710 ஒரே நடையில் 450 டன் எடுக்கும். 100 டன் வகை டம்பர் நிறைசுமையோடு நிற்கும்போது மொத்த எடை 160 டன்னைத் தாண்டிவிடும். இலைமூட்டை ஏற்றிய உன் பிக்கப்பைப் போல ஐம்பது வண்டிகளின் எடை அது. ஏணியில் ஏறித்தான் கேபினுக்குள் போக வேண்டும். ஆனாலும் பவர் ஸ்டியரிங், தானாக மாறும் கியர் என்று எல்லாம் இருப்பதால், ஒரு வாரம் பழகினால் ஓட்டுவது சுலபமாகத் தோன்றிவிடும். அந்தச் சுலபத்தை நம்பாதே. புதியவர்களை ஏமாற்றுவது அதுதான்.

உனக்கு ஒரு முதல் இருக்கிறது. பர்லியாறு பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் கல்லட்டியின் 36 வளைவுகளிலும் சுமையோடு இறங்கிப் பழகியவன் நீ. இறக்கத்தில் பிரேக்கை நம்பக் கூடாது, வண்டியைக் கியரில்தான் பிடிக்க வேண்டும் என்பது நம் ஊர் ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சமவெளியிலிருந்து வருகிற பையன்கள் இதைக் கற்றுக்கொள்ள நாளாகும்.

சுரங்கச் சரிவு எவ்வளவு என்பதற்கு நம் மலை ரயிலையே கணக்காக எடுத்துக்கொள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் அது ஏறும் மிகச் செங்குத்தான இடம் ஏறக்குறைய 12-க்கு 1. அதாவது 12 அடி முன்னே போனால் 1 அடி உயரம். இரும்பின் மேல் இரும்பு வழுக்கும் என்பதால் அங்கே பல்சக்கரம் வைத்திருக்கிறார்கள். சுரங்கச் சாலை 16-க்கு 1-க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது விதி. குறுகிய சாய்தளங்களில் மட்டும் 10-க்கு 1 வரை விடுகிறார்கள். ஆக, பல்சக்கரம் வைத்து ரயில் ஏறுவதைவிடச் செங்குத்தான சாய்தளத்தில் நீ 160 டன்னை ரப்பர் டயரில் ஏற்றி இறக்கப் போகிறாய்.

பள்ளச் சுரங்கத்தில் ஏறும்போது சுமை இருக்கும், இறங்கும்போது வண்டி காலியாக இருக்கும். மலைமேல் இருக்கும் இரும்புத்தாதுச் சுரங்கங்களில் இது தலைகீழ். சுமையோடு இறங்க வேண்டிவரும். இரண்டிலும் உன்னைக் காப்பது, இறக்கத்தில் வேகத்தைப் பிடித்து வைக்கும் ரிடார்டர். சில வண்டிகளில் எண்ணெயில் குளிர்விக்கப்படும் பிரேக் தட்டுகளே அந்த வேலையைச் செய்யும். மின்மோட்டாரில் ஓடும் பெரிய டம்பர்களில், இறங்கும்போது சக்கர மோட்டாரே மின்சாரம் உண்டாக்கி, அதைச் சூடாக வெளியே தள்ளி வேகத்தைப் பிடிக்கும். சரிவின் தலையிலேயே கியரைத் தேர்ந்துகொள். ரிடார்டர் தாங்குகிற வேகத்துக்குள் இறங்கு. பாதிச் சரிவில் வேகம் மிஞ்சினால் காலால் மிதித்துப் பிடித்துக்கொள்ளலாம் என்று எண்ணாதே. மிதிக்க மிதிக்கப் பிரேக் சூடேறும். சூடேறிய பிரேக் பிடிக்காது.

மலைக்காரன் என்ற நினைப்பு உன் கையைத் தளர்த்திவிடவும் கூடாது. அங்கே மழையில்லாத நாளிலும் சாலை வழுக்கும். புழுதி அடங்கத் தண்ணீர் லாரி தெளித்துவிட்டுப் போன ஐந்தாவது நிமிடத்தில், இறக்கச் சாலை சோப்புத் தண்ணீர் ஊற்றிய மாதிரி ஆகிவிடும். பழகிய சாலையாயிற்றே என்று அதே வேகத்தில் வந்து ஓர மண்மேட்டில் ஏறியவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த மண்மேட்டைப் பெர்ம் என்பார்கள். அங்கே ஓடும் மிகப் பெரிய வண்டியின் டயர் உயரத்துக்காவது அது இருக்க வேண்டும். எதிரெதிரே வண்டி ஓடும் சாலை, அங்கே ஓடும் மிகப் பெரிய வண்டியைப் போல மூன்று மடங்குக்குக் குறையாத அகலத்தில் இருக்க வேண்டும். வேலைக்குச் சேரும் முதல் நாளே இந்த இரண்டையும் கவனி. பெர்ம் இல்லாமல், ஒடுக்கமான சாலையில் உற்பத்தியை விரட்டும் சுரங்கம் உன் உயிரை எப்படி மதிக்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

உயிர் போகும் இடங்கள் சிலவற்றைச் சொல்கிறேன். முதலாவது டம்ப் விளிம்பு. நேராகப் பின்னால் எடு. மண் தள்ளும் டோசரின் ஆளோ, வண்டிக்கு வழிகாட்டும் ஸ்பாட்டரோ கை காட்டாமல் விளிம்பை நெருங்காதே. பெர்ம் கரைந்திருந்தால், தரையில் வெடிப்பு தெரிந்தால், மழை பெய்து ஓய்ந்திருந்தால், தள்ளியே கொட்டிவிட்டு வா, டோசர் தள்ளிக்கொள்ளும். தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பாடியைத் தூக்காதே. தூக்கிய பாடியோடு ஒரு அடிகூட வண்டியை நகர்த்தாதே. மேலே மின்கம்பி போகிறதா என்று பார். தூக்கிய பாடிக்குக் கீழே, அது இறங்காமல் தடுக்கும் பூட்டு ஊசியை மாட்டாமல், யாரையும் தலை நுழைக்க விடாதே.

இரண்டாவது, உன் கண்ணுக்குத் தெரியாத இடம். பெரிய டம்பரில் கேபின் இடப்பக்கம் இருக்கும். அதனால் வலப்பக்கத்திலும் வண்டியின் மூக்குக்கு முன்னாலும் ஒரு ஜீப்பே நின்றாலும் தெரியாது. சுரங்க ஜீப்புகளில் உயரமான கம்பில் கொடி கட்டுவது அதனால்தான். இன்ஜினைப் போட ஒரு ஹாரன், முன்னால் போக இரண்டு, பின்னால் எடுக்க மூன்று என்பது பெரும்பாலான சுரங்கங்களின் வழக்கம். ஹாரன் அடித்துவிட்டுக் கொஞ்சம் பொறு. அடித்த கையோடு நகர்த்தினால் அது யாரையும் காப்பாற்றாது.

மூன்றாவது, உன் தலைக்குமேல் நிற்கும் மண். 2009 நவம்பரில் நம் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நீ அப்போது சிறு பிள்ளை. நனைந்த சரிவு எப்படி ஒரே மூச்சில் இறங்கும் என்று நம் ஊர்ப் பெரியவர்களைக் கேள், சொல்வார்கள். ஜார்க்கண்டின் ராஜ்மகால் சுரங்கத்தில், லால்மாட்டியாவில், 2016 டிசம்பர் 29 அன்று இரவு ஓபி மேடு சரிந்து, வேலை செய்துகொண்டிருந்தவர்களையும் வண்டிகளையும் மூடியது. 23 பேர் இறந்தார்கள். அங்கே வேலை நடத்தியது ஒப்பந்தக்காரர். இறந்தவர்கள் உன்னைப் போலக் குடும்பத்துக்குச் சம்பாதிக்கப் போன பிள்ளைகள். சரிவில் புதிய வெடிப்பு, கசியும் தண்ணீர், உருளும் சிறு கற்கள் என்று எதைக் கண்டாலும் வாக்கி டாக்கியில் சொல்லிவிட்டு வெளியே வா. சொன்னது தவறாகப் போனால் அரை மணி நேரம் உற்பத்தி குறையும். அவ்வளவுதான்.

நான்காவது, தூக்கம். மற்ற மூன்றும் எப்போதாவது வரும். இது ஒவ்வொரு இரவு ஷிஃப்டிலும் வரும். இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் உடம்பு தன்னால் அடங்கும். ஒரே சாலையில் ஒரே வேகத்தில் போய் வரும்போது, கண் திறந்தபடியே சில நொடி மூளை தூங்கிவிடும். பாட்டு, புகையிலை, டீ எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். பகலில் இருட்டறையில் முழுத் தூக்கம் தூங்கினால் ஒழிய இதற்கு மருந்து கிடையாது. அதனால் வேலை முடிந்து அறைக்கு வந்தால் போனைத் தூர வை. நண்பர்கள் பகலில் சீட்டாடக் கூப்பிட்டால் போகாதே. குடியைத் தொடாதே, இரவு குடித்தது காலை ஷிஃப்ட் வரை இரத்தத்தில் இருக்கும். மீறித் தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, "தூக்கம் வருகிறது, பத்து நிமிடம் வேண்டும்" என்று ஃபோர்மேனிடம் சொல். சொல்ல வெட்கப்படாதே. நான் கற்றுக்கொடுத்த பிள்ளைகளில் இதைச் சொன்னவர்களைத்தான் நான் பெரிதாக மதித்தேன்.

இனி, உள்ளே போகும் வழி. உனக்கு வயது 21. சரக்கு வண்டி ஓட்டச் சட்டம் கேட்கும் வயது 20, அது தாண்டிவிட்டது. கனரக உரிமத்துக்குப் பழகுநர் சீட்டு வாங்க, இலகு ரக உரிமம் பெற்று ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். அதுவும் உனக்கு இருக்கிறது. ஆகவே முதல் வேலையாக உதகை ஆர்டிஓ அலுவலகத்தில் கனரக உரிமத்துக்கு எழுதிப் போடு. அதன் பிறகு சில மாதம் உண்மையான லாரியில் சுமை ஓட்டு; மேட்டுப்பாளையம் மண்டிக்கு உருளைக்கிழங்கும் கேரட்டும் ஏற்றிப் போகும் வண்டியானாலும் சரி. வாய்ப்பிருந்தால் ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படி. அது ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உரிமம் கிடைத்தால் மட்டும் சுரங்கத்தில் ஓட்டிவிட முடியாது. 1966 முதல் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்றே தொழிற்பயிற்சி விதிகள் இருக்கின்றன. அதன்படி தொடக்கப் பயிற்சி பெற்றுச் சான்று வாங்காமல் உன்னை வேலையில் இறக்கக் கூடாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீள்பயிற்சியும் தர வேண்டும். இதைச் சுரங்கத்தில் 'விடி டிரெயினிங்' என்பார்கள். சேரும்போது மார்பு எக்ஸ்ரேயோடு மருத்துவப் பரிசோதனை உண்டு. பிறகும் குறித்த காலத்துக்கு ஒருமுறை உண்டு. எந்த வகை வண்டியை நீ ஓட்டலாம் என்று சுரங்க மேலாளர் எழுத்தில் அங்கீகாரம் தர வேண்டும். 60 டன்னுக்கு அங்கீகாரம் பெற்றவன் அவசரத்துக்கு 100 டன் வண்டியில் ஏறக் கூடாது. இதையெல்லாம் கண்காணிக்க தன்பாத்தில் தலைமையகம் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்ககம் இருக்கிறது. டிஜிஎம்எஸ் என்று சொன்னால் எந்தச் சுரங்கத்திலும் புரியும். எக்ஸ்ரே, காது கேட்கும் சோதனை எல்லாவற்றுக்கும் உன் கையில் ஒரு படி வைத்துக்கொள். கல் சுரங்கத்தின் புழுதி நுரையீரலைக் கல்லாக்கும். இருபது வருடம் கழித்து இழப்பீடு கேட்க நேர்ந்தால், சேர்ந்தபோது உன் மார்பு சுத்தமாக இருந்தது என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

எங்கே வேலை தேடுவது? நம் ஆட்களுக்குச் சுரங்கம் என்றதும் நெய்வேலிதான் நினைவுக்கு வரும். 1956-ல் தொடங்கிய நிறுவனம். ஊரே அதனால் உண்டானது. ஆனால் நெய்வேலிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டுவது சக்கரத்தில் வாளி பூட்டிய பெரிய இயந்திரங்கள், சுமந்து போவது கன்வேயர் பெல்ட். டம்பருக்கு அங்கே துணை வேலைதான். அதே நிறுவனம் ஒடிசாவின் தலபிராவில் 2020 முதல் எடுத்துவரும் நிலக்கரிக்குத்தான் வண்டிகள் அதிகம்; அங்கே சுரங்க வேலையை ஒப்பந்த நிறுவனம் நடத்துகிறது. தமிழ்நாட்டுக்குள் என்றால் அரியலூர், டால்மியாபுரம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சேலத்து வெள்ளைக்கல் சுரங்கங்கள், நமக்கு மிகப் பக்கத்தில் கோவை மதுக்கரை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் இப்படி ஒரு சிறிய, ஒழுங்கான சுரங்கத்தில் பழகு. மொழி தெரிந்த இடத்தில் பாதுகாப்பு வகுப்பைக் கேட்பது உயிருக்கு நல்லது. அதற்குள் இந்தியும் கொஞ்சம் கற்றுக்கொள். வடக்கே போனால் வாக்கி டாக்கியில் வரும் எச்சரிக்கை இந்தியில்தான் வரும்.

கோல் இந்தியாவின் துணை நிறுவனங்கள் அவ்வப்போது பத்தாம் வகுப்பும் கனரக உரிமமும் உள்ளவர்களை டம்பர் ஆப்பரேட்டர் பயிற்சியாளராக எடுக்கின்றன. விளம்பரம் அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் வரும், தேர்வு இருக்கும், போட்டி கடுமை. அங்கே நிரந்தரமானால் தேசிய நிலக்கரி ஊதிய ஒப்பந்தப்படி சம்பளம். 2023 மே மாதம் கையெழுத்தான பதினொன்றாவது ஒப்பந்தம் 19 சதவிகித உயர்வு தந்தது. அதே பள்ளத்தில், அதே சரிவில், ஒப்பந்தக்காரரின் டிப்பரை ஓட்டுபவனுக்கு அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். நிலக்கரியில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கென்று உயர்மட்டக் குழு நிர்ணயித்த தனி ஊதியம் உண்டு. அது எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதே.

முதல் வேலை பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடம்தான் கிடைக்கும். அதில் குறைவொன்றுமில்லை. ஆனால் நியமனக் கடிதம் கேள். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, எல்லாத் தொழிலாளருக்கும் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. பி.எப். எண் கேள், மாதாமாதம் பணம் கட்டுகிறார்களா என்று பார். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது பழைய சுரங்கச் சட்டத்திலும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. நடைக்கு இவ்வளவு என்று படிக்காசு பேசுகிற இடமாக இருந்தால் இரண்டு மடங்கு எச்சரிக்கையாக இரு. நடைக்கணக்கு, வேகத்துக்கும் தூக்கமின்மைக்கும் கூலி கொடுக்கும் ஏற்பாடு. பிரேக் சரியில்லை என்று நீ வண்டியை நிறுத்தினால் அன்றைய காசு போகும் என்றால், நிறுத்தக் கை வராது. நாள்கூலியோ மாதச் சம்பளமோ உள்ள இடம் சற்றுக் குறைத்துக் கொடுத்தாலும் அதையே எடு.

வெளிநாட்டு ஏஜெண்டுகள் உன்னைத் தேடி வருவார்கள். ஆஸ்திரேலியாவில் டம்பர் ஓட்டினால் கோடி என்பார்கள். அங்கே சம்பளம் அதிகம் என்பது உண்மை. ஆனால் வெளிநாட்டு ஆளை ஓட்டுநராக மட்டும் எடுப்பது அரிது. டீசல் மெக்கானிக்குக்குத்தான் வழி திறந்திருக்கிறது. வளைகுடாவுக்கோ வேறு நாட்டுக்கோ போவதானால், மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஏஜெண்டா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்பவனிடம் தோட்டத்தை அடகு வைத்துக் கொடுக்காதே. கடனோடு போனவனால் ஆபத்தான வேலையை மறுக்க முடியாது.

தங்கையும் ஓட்டலாமா என்று கேட்டாளாம். ஓட்டலாம் என்று சொல். பெண்கள் இரவில் சுரங்கத்தில் வேலை செய்ய இருந்த தடையை, திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு 2019-ல் தளர்த்திவிட்டார்கள். அவர்கள் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், மூவருக்குக் குறையாத குழுவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் உண்டு. ஜார்க்கண்டின் நோவாமுண்டியில் டாடா ஸ்டீல் இரும்புச் சுரங்கத்தில் பெண்கள் டம்பர் ஓட்டுகிறார்கள். அவளும் உரிமம் எடுக்கட்டும். உனக்குச் சொன்ன எல்லாமே அவளுக்கும் சொன்னதுதான்.

நீ சுமக்கப் போகும் மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜூலையில் நெய்வேலி விரிவாக்கத்துக்காக வளையமாதேவியில் பச்சை நெல்வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. இழப்பீடு கொடுத்த நிலம் என்று ஒரு பக்கமும், அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று மறுபக்கமும் பேசினார்கள். சுரங்கத்தின் வாசலில் மறியல் நடந்தால், நிற்பவர்களை உன் எதிரி என்று எண்ணாதே. நாமும் நிலத்தை நம்பிய குடிதான். நிலம் கொடுத்த ஊரில் தண்ணீர் லாரி தெளிக்காமல் போனால் அந்த வீட்டுச் சோற்றில் புழுதி விழும். ஊருக்குள் போகும் சாலையில் வேகத்தைக் குறைப்பது உன் கையில் இருக்கிறது, அதையாவது செய்.

சுரங்கத்துக்கு ஆயுள் உண்டு என்பதையும் மறக்காதே. நம் மாவட்டத்திலேயே பந்தலூர், தேவாலாப் பக்கம் 1880 வாக்கில் தங்கம் என்று லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் எல்லாம் மூடிப்போயின. நூறாண்டுக்கும் மேல் தமிழர்களுக்குச் சோறு போட்ட கோலார் தங்கவயல் 2001 பிப்ரவரியோடு மூடியது. சுரங்கத்தை நம்பி வேறெதுவும் கற்றுக்கொள்ளாத குடும்பங்கள் அன்றாடம் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகும்படி ஆயிற்று. இன்னொரு பக்கம், ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் ஓட்டுநர் இல்லாத டம்பர்கள் ஓடுகின்றன. பெர்த் நகரில் உட்கார்ந்து கண்காணிக்கிறார்கள். நம் நாட்டுக்கும் அது வரும், நீ ஓய்வுபெறுவதற்கு முன்பே வரும். டீசல் மெக்கானிக் படி என்றது அதனால்தான். ஓட்டுநர் இல்லாவிட்டாலும் இன்ஜினும் ஹைட்ராலிக்கும் பழுதாகும். சரிசெய்யக் கை தெரிந்தவன் வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் ஏறுமுன் நட்டு, டயர், எண்ணெய்க் கசிவு, பிரேக் என்று சுற்றி வந்து பார்க்கும்போது, வெறுமனே டிக் போடாமல் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று மெக்கானிக்கைக் கேள். பத்து வருடத்தில் அந்தக் கேள்விகளே உனக்கு அடுத்த தொழிலாகிவிடும்.

சம்பளம் வரத் தொடங்கினால் தோட்டத்தை விற்காதே. அரை ஏக்கரானாலும் அது நின்றிருக்கட்டும். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊரே வெள்ளை உடுத்திக் கூடும்போது சில வருடம் நீ வேற்று மாநிலத்தில் ஷிஃப்டில் இருப்பாய். அந்த ஏக்கம் பெரியது, அதை இப்போதே தெரிந்துகொண்டு போ. விடுப்பைச் சேர்த்து வைத்துப் பண்டிகைக்கு முன்கூட்டியே எழுதிக் கொடு. வாரம் ஒருமுறை அக்காவிடம் பேசு. வண்டியில் இருக்கும்போது மட்டும் யார் போனையும் எடுக்காதே. அவள் போனாக இருந்தாலும்.

என்றாவது ஒருநாள், "எல்லாரும் ஓட்டுகிறார்கள், உனக்கு மட்டும் என்ன?" என்று ஒரு மேஸ்திரி கேட்பார். பிரேக் இழுக்கும் வண்டியாக இருக்கும், அல்லது பெர்ம் இல்லாத டம்ப்பாக இருக்கும், அல்லது பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு இன்னொரு ஷிஃப்டாக இருக்கும். அப்போது கோபப்படாமல், கெஞ்சாமல், காரணத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டு இறங்கு. பழுதான வண்டியை ஓட்டாமல் இருப்பது ஓட்டுநரின் கடமை என்றே சுரங்க விதிமுறை சொல்கிறது. அதற்காக வேலையே போனாலும் போகட்டும். கனரக உரிமமும் பயிற்சிச் சான்றும் உள்ளவனுக்கு அடுத்த வேலை கிடைக்கும்.

ஆகவே கனரக உரிமம், மருத்துவச் சான்று, நியமனக் கடிதம் மூன்றும் கையில் வந்த பிறகு ரயில் ஏறு. போன இடத்தில் பயிற்சிச் சான்றும் மேலாளரின் அங்கீகாரமும் கிடைக்கும்வரை, யார் சொன்னாலும் டம்பரின் ஏணியில் கால் வைக்காதே. இதற்குச் சம்மதம் என்றால் எழுது. அக்காவிடம் நானே பேசிச் சம்மதம் வாங்கித் தருகிறேன்.

அன்புடன்,
உன் மாமா